தலை தளையாகலாமா? – கணிப்பொறியின் நினைவகத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி

மறதி மனிதருக்கு இயல்பு, கணிப்பொறிக்கோ மறதியே கிடையாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் கணிப்பொறியைப் போல் கணத்துக்குக் கணம் மறக்கும் பொருள் வேறொன்று நம் வீட்டில் இல்லை எனலாம். மறந்துபோகுமுன் மீண்டும் மீண்டும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதால்தான் அது நினைவில் வைத்திருக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு நாம் செய்வதும் அதுதானே, தோழியரே!

வீட்டுக் கணிப்பொறியில் இரண்டு வகை நினைவுகள் உண்டு. ஒன்று, மின்சாரம் நின்றாலும் எழுதியதைக் காத்து வைக்கும் வட்டு. இதை நம் நோட்டுப் புத்தகத்துக்கு ஒப்பிடலாம். மற்றொன்று, வேலை நடக்கும்போது மட்டும் எழுதி அழிக்கும் சிலேட்டுப் பலகை. இதற்கு ‘ரேம்’ என்று பெயர். நாம் தட்டும் எழுத்தும் போடும் கணக்கும் முதலில் சிலேட்டில் எழுதப்பட்டு, பிறகே நோட்டுக்குப் போகின்றன. சிலேட்டில் பிழை நேர்ந்தால் நோட்டிலும் பிழையே ஏறும். இக்கட்டுரை அந்தச் சிலேட்டைப் பற்றியது.

இன்று வழக்கிலுள்ள ரேமின் அடிப்படை அமைப்பை 1966இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் டென்னார்டு கண்டறிந்தார். அதன் ஒவ்வோர் அறையிலும் மின்னேற்றத்தைத் தாங்கும் மிகச் சிறிய கொள்கலம் ஒன்று உண்டு. அது நிறைந்திருந்தால் 1, வெறுமையாக இருந்தால் 0. அந்தக் கொள்கலமோ ஓட்டைக் குடம்! ஆகவே ஒவ்வோர் அறையையும் 64 மில்லி நொடிக்கு ஒரு முறையாவது படித்து மறுபடி நிரப்பவேண்டும். சில்லின் வெப்பம் 85 பாகை செல்சியசைத் தாண்டினால் இருமடங்கு விரைவாக நிரப்பவேண்டும். 8 ஜிகாபைட் ரேமில் இத்தகைய அறைகள் ஏறத்தாழ 6,871 கோடி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள் தொகை 2,00,222. தலைக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குடங்களைக் கொடுத்து, நொடிக்குப் பதினைந்து முறை ஒரு குடமும் தவறாமல் நிரப்பச் சொன்னால் எப்படியிருக்கும்? இத்தனையிலும் தவறு அரிதாகவே நேர்கிறது என்பதே வியப்பு.

அரிதாக நேரும் அந்தத் தவறு எத்தகையது என்பதைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே காணலாம். கணிப்பொறிக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. யுனிகோடு முறையில் ‘ல’வின் எண் 2994, ‘ள’வின் எண் 2995. இவ்விரு எண்களையும் 0, 1 என்று மாற்றி எழுதினால் கடைசி இடத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. ‘ர’ 2992, ‘ற’ 2993. ‘ந’ 2984, ‘ன’ 2985. இவையும் அப்படியே. எனவே ஒரே ஓர் அறை பிசகினால் ‘தலை’ ‘தளை’யாகிவிடும், ‘அரை’ ‘அறை’யாகிவிடும். இரண்டும் சரியான சொற்களாதலால் எழுத்துப் பிழை பார்க்கும் நிரலும் வாய் திறக்காது. நம் தமிழாசிரியை சிவப்பு மையால் வட்டமிடும் அதே பிழைகளைக் கணிப்பொறியும் செய்யக்கூடும் என்பது ஒருபுறம் நமக்கு ஆறுதலே! ஆனால் மாற்றுச் சான்றிதழில் ஒரு மாணவியின் பெயரில் ‘ர’ ‘ற’வானால், அதைத் திருத்த அவள் ஏறி இறங்கவேண்டிய படிகள் எத்தனை?

எண்களில் நேர்ந்தால் இன்னும் விபரீதம். 2003ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியம் நாட்டின் சார்பீக் என்னுமிடத்தில் மின்னணு முறையில் தேர்தல் நடந்தது. ஒரு வேட்பாளருக்கு, கிடைக்கக்கூடிய வாக்குகளைவிட அதிகமாக வாக்குகள் பதிவாகியிருந்தன. மீண்டும் எண்ணியபோது சரியாக 4,096 வாக்குகள் மிகுதி என்று தெரிந்தது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கிவரும் எண். ஆகவே நினைவகத்தில் பதின்மூன்றாம் இடத்து 0 தானாக 1 ஆகியிருக்கவேண்டும் என்று கருதினார்கள். வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை. கூடுதல் நம்ப முடியாத அளவில் இருந்ததால் பிடிபட்டது. நான்கோ எட்டோ கூடியிருந்தால் யார் கவனித்திருப்பார்கள்?

அறைகள் பிசகுவதேன்? 1978இல் இன்டெல் நிறுவனத்தின் மே, வுட்ஸ் என்னும் இருவர் ஒரு காரணத்தைக் கண்டறிந்தார்கள். சில்லைப் பொதிந்து வைக்கும் பீங்கான் உறையில் யுரேனியமும் தோரியமும் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்தன. அவற்றிலிருந்து புறப்பட்ட ஆல்ஃபா துகள்கள் அறைகளின் மின்னேற்றத்தைக் குலைத்தன. (மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைப்பதாகப் பாடத்தில் படிக்கும் அதே தோரியம்தான்.) பிறகு உறைப் பொருள்களைத் தூய்மையாக்கி இத்தொல்லையை வெகுவாகக் குறைத்தார்கள். இரண்டாவது காரணம் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள். அவை காற்று மண்டலத்தில் மோதும்போது நியூட்ரான்கள் சிதறி நிலத்தை எட்டுகின்றன. மலைமேல் இவை மிகுதி, கடல் மட்டத்தில் குறைவு.

இவ்வகையில் காரைக்கால்வாசிகளான நாம் பாக்கியசாலிகள். நமக்கு மேலே காற்று மண்டலம் முழுவதும் கூரையாக நிற்கிறது. அத்துடன் புவியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் ஊடே செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கு அதுவே காரணம். காந்த நடுக்கோட்டருகில் காஸ்மிக் கதிர்கள் பெரிதும் விலக்கப்படுகின்றன. கோடைக்கானலில் இருக்கும் கணிப்பொறியைவிட நம் ஊர்க் கணிப்பொறிக்கு வானத்தால் வரும் கேடு குறைவு.

பூமியால் வரும் கேடுகளோ நமக்குச் சற்று அதிகம். ஜன்னல் கம்பியை ஆண்டுக்கொரு முறை துருப்பிடிக்க வைக்கும் உப்புக் காற்று, சித்திரை வெயில், ஐப்பசி கார்த்திகை ஈரம், போய்ப்போய் வரும் மின்சாரம். இவற்றோடு, தயாரிக்கும்போதே குறையுள்ள சில்லுகளும் உண்டு. 2009இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தாரும் கூகுளும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ரேம் பட்டைகளில் பிழை காணப்பட்டது. ஒரு முறை பிழை செய்த பட்டையே மீண்டும் மீண்டும் பிழை செய்தது. அங்குமிங்கும் சிதறி விழும் கதிர்களைவிட, குறையுள்ள பட்டைகளே பெரும்பான்மைக் குற்றவாளிகள் என்பது இதனால் தெரிகிறது. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகளிர் குழுவின் வரவு செலவைக் கணிப்பொறியில் எழுதிவந்தார்கள். அது அடிக்கடி உறைந்து நின்றது. பழுது பார்க்க வந்தவர் மென்பொருளை இரண்டு முறை அழித்து ஏற்றினார். கடைசியில் கெட்டது ஒரே ஒரு ரேம் பட்டை என்று தெரிந்தது. அதற்குள் மூன்று மாதக் கணக்கைக் காகிதச் சீட்டுகளோடு வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கவேண்டியதாயிற்று.

பிழையைத் தானே கண்டுபிடிக்கும் நினைவகம் இல்லையா? உண்டு. சுற்றுலா செல்லும்போது சகோதரி நம்மை இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்கச் சொல்வாரல்லவா? யாராவது ஒருத்தி தனித்து நின்றால், ஆள் குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும். எட்டு அறைகளோடு ஒன்பதாவதாக ஓர் அறையைச் சேர்த்து, 1களின் எண்ணிக்கை எப்போதும் இணையாக வருமாறு செய்வது இம்முறையே. 1981இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் இந்த ஒன்பதாவது அறை இருந்தது. ஆனால் குறைவது யார் என்று இம்முறை சொல்லாது. இருவர் சேர்ந்தே காணாமற்போனால் அதுவும் தெரியாது.

யார் என்றும் காட்டும் வழியை 1950இல் ரிச்சர்டு ஹாமிங் வெளியிட்டார். பெல் ஆய்வுக்கூடத்தில் அவர் வாரக் கடைசியில் இயந்திரத்துக்குக் கணக்குக் கொடுத்துவிட்டுப் போவார். திங்களன்று வந்து பார்த்தால், பிழை கண்ட இயந்திரம் கணக்கைப் பாதியில் கைவிட்டிருக்கும். பிழையைக் காணத் தெரிந்த இயந்திரத்துக்குத் திருத்தத் தெரியக் கூடாதா என்று எரிச்சலில் கேட்டதன் பயனே அவர் கண்ட முறை. அதன் வழியில் இன்று 64 அறைகளுக்கு எட்டு அறைகளைக் கூடுதலாக வைத்து, ஒரு பிழையைத் திருத்தவும் இரண்டு பிழைகளைக் கண்டுகொள்ளவும் செய்கிறார்கள். இதற்கு இ.சி.சி. நினைவகம் என்று பெயர். வங்கிகளின் பெரிய கணிப்பொறிகளில் இது உண்டு. வீட்டுக் கணிப்பொறிகளிலோ செலவைக் குறைப்பதற்காக 1990களில் பழைய ஒன்பதாவது அறையையும் எடுத்துவிட்டார்கள். எட்டில் ஒரு பங்கு மிச்சத்துக்காகக் காவற்காரனை அனுப்பியது நல்ல சிக்கனமாக நமக்குத் தோன்றவில்லை.

வாங்கும்போது இது நினைவிருக்கட்டும். இ.சி.சி. பட்டையை வாங்கினால் மட்டும் போதாது. கணிப்பொறியின் செயலியும் தாய்ப்பலகையும் அதை ஏற்கவேண்டும். ஆகவே தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்கலாகாது. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட ‘ரெஜிஸ்டர்டு’ வகைப் பட்டைகள் மலிவாகக் கிடைக்கும். அவையும் இ.சி.சி.தான், ஆனால் வீட்டுக் கணிப்பொறியில் வேலை செய்யமாட்டா. டி.டி.ஆர்.5 என்னும் புதிய வகையில் ‘சில்லுக்குள்ளேயே இ.சி.சி. இருக்கிறது’ என்று கடைக்காரர் சொல்வார். அது மெய்யே. ஆயினும் சில்லுக்குள் நேரும் பிழையை மட்டுமே அது திருத்தும். சில்லிலிருந்து செயலிக்குப் போகும் வழியில் நேர்வதைக் காணாது.

இ.சி.சி.க்கு வசதியில்லாதவர்கள் சாதாரணப் பட்டையையே கவனமாகத் தேர்ந்தெடுக்கலாம். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் அடிவிளிம்பிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது, அழுத்திப் பார்க்கவும் கூடாது. உலகின் ரேம் சில்லுகளில் மிகப் பெரும் பகுதியைச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூவரே செய்கிறார்கள். பெட்டியில் காணும் மற்றப் பெயர்கள் பெரும்பாலும் இவர்களுடைய சில்லுகளை வாங்கிப் பட்டையாக்குபவை. இரண்டு பட்டைகள் வேண்டுமென்றால் ஒரே பெட்டியில் இணையாக வருவதை வாங்குவது நன்று. அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகம், பல சமயம் பொதுத் தர நிர்ணயத்தையும் தாண்டி ஓட்டினால் வரும் வேகம். அதற்காகக் கூடுதல் பணம் தருவது வீண். தர வேகத்தில் ஓடவிட்டாலே வீட்டு வேலைகள் நடக்கும். 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. விலை ஏறும் காலத்தில் பழைய சரக்குக்குப் புதுச் சீட்டு ஒட்டுவோரும் முளைப்பார்கள். ரசீதும் உத்தரவாதமும் இல்லாத மலிவுச் சரக்கை நாம் தொடவேண்டாம்.

வாங்கிய பிறகு உப்புக் காற்றை நினைக்கவேண்டும். பட்டையின் பொன் முலாம் பூசிய விளிம்பை விரலால் தொடக்கூடாது, வியர்வையும் உப்புத்தானே. சிலர் பென்சில் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள். மெல்ல ஒரு முறை செய்தால் குற்றமில்லை. அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும், ரப்பர்த் தூளும் பள்ளத்தில் தங்கிவிடும். கணிப்பொறியைக் கடற்காற்று நேரே வீசும் ஜன்னலோரம் வைக்காமல் உட்சுவரோரம் வைக்கலாம். நல்ல மின்வழங்கியும், நில இணைப்பு உள்ள மின்செருகியும், யு.பி.எஸ்.ஸும் ரேமுக்கும் காவல். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நம் பக்கத்தில் மின்சாரம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சோதனை. ‘மெம்டெஸ்ட்86’ என்னும் இலவச நிரலை விரற்கடை நினைவகத்தில் ஏற்றி, அதைக் கொண்டே கணிப்பொறியைத் தொடங்கினால், ஒவ்வோர் அறையிலும் எழுதிப் படித்துப் பார்க்கும். ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு நான்கு சுற்றாவது முடியட்டும். முக்கியமான கோப்புகளுக்குப் படி எடுக்கும்போது பழைய படியின் மேலேயே எழுதாமல், மாதத்துக்கொன்றாகத் தனித்தனியே வைக்கவேண்டும். ரேம் கெட்டிருந்தால் கெட்டதே படியாகியிருக்கும், அப்போது கைகொடுப்பது முந்தைய மாதத்துப் படிதான். சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிடாமல், பட்டைகளை ஒவ்வொன்றாகத் தனியே மாட்டிச் சோதித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்து, உத்தரவாதக் காலத்துக்குள் ரசீதோடும் பெட்டியோடும் வாங்கிய கடைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.