குருந்தமும் அலுமினியமும்: பழைய தூக்குவாளிக்கு வீட்டிலேயே இழை மெருகு

நம் சங்க மலரில் இலக்கியமும் கல்வெட்டும் வரலாறும் எழுதும் அறிஞர் பெருமக்கள் நடுவே, பாத்திரக் கடைக்காரன் ஒருவன் அலுமினியத்தைத் தேய்ப்பது எப்படி என்று எழுத வந்துவிட்டானே என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். இந்தத் தேய்ப்புக்குள் ஒரு பழைய தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. கோலார் தங்கவயல் குடும்பங்களுக்கு வேண்டிய ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அந்த எச்சரிக்கையை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2001இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, நம் பிள்ளைகள் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பலர் அங்கேயே குடியேறிவிட்டார்கள். லைன் வீட்டைக் காலி செய்யும்போது பரண்மேல் இருந்து கட்டாயம் ஒரு அலுமினியத் தூக்குவாளி இறங்கும். அப்பாவோ தாத்தாவோ ஷிப்டுக்குச் சோறு கொண்டுபோனது. பழைய இரும்புக்காரருக்குப் போட மனசு வராது. கறுத்துப்போனதை அப்படியே அலமாரியில் வைக்கவும் மனசு வராது. கடைக்கு எடுத்து வருவார்கள்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா அப்படித்தான் வந்தார். "அய்யா, இதைப் புதுசு மாதிரி பண்ணிக் குடுங்க"ன்னு கேட்டாங்க. நானும் பெருமையாக வாங்கி, மோட்டாரில் ஓடும் பஃப் சக்கரத்தில் பிடித்தேன். பத்து நிமிஷத்தில் கண்ணாடி போலப் பளபளத்தது. மறுநாள் அந்த அம்மா வந்து வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பேரு போயிடுச்சே அய்யா" என்றார். அவர் கணவர் பெயரும் வேலை நம்பரும் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. சக்கரம் அதைச் சாப்பிட்டுவிட்டது. கூலி வேண்டாம் என்றேன். அவர் கூலியைப் பற்றிப் பேசவே இல்லை. அன்றிலிருந்து பழைய பாத்திரத்தைச் சக்கரத்தில் பிடிப்பதில்லை. கையால் செய்கிற முறையையே எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

அலுமினியம் நம்மிடம் வந்த கதை

அலுமினியத்தை நம்மில் பலர் இன்னும் 'ஈயப் பாத்திரம்' என்கிறோம். ஈயம் வேறு, இது வேறு. 1886இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் ஏரூ என்பவரும் தனித்தனியே மின்சாரத்தால் இதைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் இது மலிவானது. அதற்கு முன்பு விலை உயர்ந்த பொருள்களோடு சேர்த்து மதிக்கப்பட்ட உலோகம் இது. நம் நாட்டில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வழிகாட்டியவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னைக் கலைப் பள்ளியில் 1898இல் அவர் இதைத் தொடங்கிவைத்தார். 1903இல் அந்தப் பிரிவு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே சாட்டர்டன் பின்னர் 1912இல் நம் மைசூர் சமஸ்தானத்துக்குத் தொழில்துறை இயக்குநராக வந்தார் என்பது தங்கவயல்காரர்கள் நினைவில் வைக்கத் தக்கது. தமிழ்நாட்டில் மேட்டூரில் 1965 முதல் அலுமினியம் உருக்கி எடுத்தார்கள். 2008இல் அந்த உருக்காலை நின்றுபோனது.

இந்த உலோகம் தங்கத்துக்கு நேர் எதிர். ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம், அலுமினியம் 2.7 கிராம்தான். தங்கம் காற்றோடு சேராது. அலுமினியமோ காற்றுப் பட்ட கணமே சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்து மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. இரும்புத் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே போகும். இந்தப் படலம் உதிராமல் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். நாம் தேய்த்து எடுத்தாலும் உடனே மறுபடி உண்டாகிவிடும்.

குருந்தம் என்ற சொல்

அந்த அலுமினியம் ஆக்சைடே மண்ணுக்குள் படிகமாக விளைந்தால் அதற்குப் பெயர் குருந்தம். ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்கள். அந்தச் சொல் தமிழின் 'குருந்தம்' என்பதிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. வடமொழியில் இதற்கு உறவான சொல் குருவிந்தம். 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். சேலம் வட்டாரத்திலும் மைசூர்ப் பகுதியிலும் கிடைத்த கல் இது.

சிவப்பு ஏறிய குருந்தம்தான் மாணிக்கம். நீலம் ஏறியதே நீலக்கல். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையில் மதுரை இரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் இளங்கோவடிகள், மாணிக்க வகைகளில் ஒன்றை 'விந்தம்' என்கிறார். அது குருவிந்தமே. நிறமில்லாத, அழகில்லாத குருந்தத்தைத்தான் பொடி செய்து சாணைக்கும் மெருகுக்கும் பயன்படுத்தினார்கள்.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9. நம் சுரங்கத்தில் தங்கம் ஓடிய வெள்ளைக் குவார்ட்ஸ் கல் 7. அலுமினியம் 3க்கும் கீழே. ஆக, அலுமினியத்தின் ஆக்சைடு அலுமினியத்தையே கீறும். கடையில் விற்கும் எமரித் துணியிலும், பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பர் பலவற்றிலும் இருப்பது இந்தப் பொருள்தான். இக்காலத்தில் பெரும்பாலும் ஆலையில் செய்தது.

இழை மெருகு என்றால் என்ன?

மெருகு என்றாலே கண்ணாடிப் பளபளப்பு என்று நினைக்கிறோம். கடைத்தெருவில் 'பிரஷ் பினிஷ்' என்கிறார்களே, அது வேறு. பட்டு இழை ஓடுவது போல ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் போடுவது. நான் இதை 'இழை மெருகு' என்று சொல்லிக்கொள்கிறேன். கண்ணாடிப் பளபளப்பில் ஒளி அப்படியே திரும்பும். அதனால் சின்னக் கீறல், விரல் ரேகை எல்லாம் தெரியும். இழை மெருகில் ஒளி கீறல்களுக்குக் குறுக்கே பரந்து போவதால் மென்மையான ஒளி கிடைக்கும். பழைய பொருளின் சிறு குறைகள் கண்ணை உறுத்தாது. வட்டமாக இழை போட்ட மூடியை வெயிலில் பிடித்தால் விசிறி விரித்தது போல ஒளி தெரியும். எல்லாவற்றையும்விட, இதற்காகச் சுரண்ட வேண்டிய அளவு குறைவு.

செய்யும் முறை

முதலில் பாத்திரம் வெறும் அலுமினியம்தானா என்று பாருங்கள். சில பொருள்களுக்கு மின்சார முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக ஏற்றியிருப்பார்கள்; அதற்கு அனோடைஸ் என்று பெயர். ஒரு டார்ச் செல், சின்ன பல்பு, இரண்டு ஒயர் போதும். ஒயர் முனைகளை மேற்பரப்பில் லேசாக வைத்தால் வெறும் உலோகத்தில் பல்பு எரியும். எரியாவிட்டால், அழுக்கு இல்லாத இன்னொரு இடத்திலும் வைத்துப் பாருங்கள். அங்கும் எரியவில்லை என்றால் மேலே படலமோ வார்னிஷோ இருக்கிறது. அதை இந்த முறையில் தொட வேண்டாம்.

அடுத்தது சுத்தம். சாதாரண சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். சலவைச் சோடா, சாம்பல் இரண்டும் கூடாது. காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும். உள்ளே கறுப்பு படிந்திருந்தால் எலுமிச்சைத் தோலோ கொஞ்சம் புளியோ போட்டுத் தண்ணீரைக் கொதிக்க விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். கொதித்ததும் கொட்டிவிடுங்கள், ஊற வைக்காதீர்கள்.

மூன்றாவதாக, வெட்டிய பெயர், நம்பர், கடை முத்திரை எங்கே இருக்கிறது என்று சாய்ந்த வெயிலில் திருப்பிப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு அடுக்காக, நேர் விளிம்பு வைத்து ஒட்டுங்கள். இந்த ஒரு வேலையை நான் அன்று செய்திருந்தால் போதும்.

இனித் தேய்ப்பு. உப்புத்தாளில் எண் ஏற ஏறப் பொடி நைசாகும். ஆழமான கீறல் இருந்தால் மட்டும் 180இல் தொடங்குங்கள். இல்லாவிட்டால் 240, பிறகு 320. தட்டையான பாகத்துக்குத் தண்ணீரில் கரையாத கறுப்பு 'வாட்டர் பேப்பர்' நல்லது. அதில் இருப்பது குருந்தத்தைவிடக் கடினமான சிலிக்கன் கார்பைடு. தாளை ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய இடம் தழும்பாகத் தெரியும். கோடியில் கையைத் தூக்கி, மறுபடி ஆரம்பத்துக்கு வாருங்கள். நேராக வர ஒரு ரீப்பர் கட்டையைப் பக்கத்தில் அணைத்து வைத்துக்கொள்ளலாம். அழுத்த வேண்டாம். தாள் அடைத்துக்கொண்டால் கழுவுங்கள். முந்தின எண்ணின் கோடுகள் மறைந்த பிறகே அடுத்த எண்.

வாளியின் உருண்டையான வெளிப்புறத்துக்கு இரண்டு அங்குல அகலத்தில் எமரித் துணிப் பட்டை வெட்டி, நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, வாளியைச் சுற்றிப் போட்டு, குளித்துவிட்டுத் துண்டால் முதுகு துடைப்போமே, அதேபோல இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுங்கள். வாளி நசுங்காமல் இருக்க உள்ளே மணல் நிரப்பிக்கொள்ளலாம். கைப்பிடிக் காதுகள் இருக்கும் பக்கத்தில் பட்டை போகாது. அங்கே கட்டையால் அதே திசையில் இழுக்க வேண்டும். கடைசியாகப் பச்சை ஸ்க்ரப்பரை நனைத்து அதே திசையில் பத்துப் பதினைந்து முறை இழுத்தால் இழை ஒன்றுபோல அமையும். இரும்பு நார் மட்டும் வேண்டாம். அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப்பிடிக்கும்.

கழுவி, உடனே துணியால் துடைத்து, டேப்பை எடுங்கள். சுற்றிலும் புது இழை, நடுவில் பழைய மேற்பரப்போடு பெயர். கதவில் பெயர்ப் பலகை அடித்தது போல எடுப்பாக இருக்கும். அலமாரியில் வைக்கும் பொருள் என்றால் மேலே மெழுகு பூசலாம். நான் தேன்மெழுகு தொடுவதில்லை. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு வாகனப் பாலிஷ் கடைகளில் கிடைக்கிறது, அதுவே போதும். இப்படி இழை போட்ட வாளியில் புளிக்குழம்பு, தயிர் ஊற்றி வைக்காதீர்கள். புளிப்பு அலுமினியத்தைக் கரைக்கும். இழைகளுக்குள் உணவும் தங்கும். அதன் சமையலறை வேலை முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூசியைப் பற்றி

இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லைதான். குவார்ட்ஸ் தூசி நம் அப்பாமார்களின் நெஞ்சை என்ன செய்தது என்பதை ஒவ்வொரு லைனும் அறியும். சிலிகோசிஸ் என்ற சொல் பள்ளிக்கூடம் போகாதவர் வாயிலும் வழங்கிய ஊர் இது.

கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்ததைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. சிலிகோசிஸைத் தடுக்கும் என்று நம்பி, 1943 முதல் 1979 வரை தங்கச் சுரங்கத் தொழிலாளர்களை உடை மாற்றும் அறையில் அலுமினியப் பொடியைச் சுவாசிக்க வைத்தார்கள். மெக்கின்டயர் பொடி என்று அதற்குப் பெயர். அப்படிச் சுவாசித்தவர்களிடையே பார்க்கின்சன் நோய் கூடுதலாக இருந்ததாக 2020இல் வந்த ஆய்வு சொன்னது. ஒரு தூசியிலிருந்து காப்பாற்ற இன்னொரு தூசி! ஆகவே உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீரோ எண்ணெயோ இருந்தால் தூசி பறக்காது. கட்டாயம் முகக்கவசம் போடுங்கள். அடுப்புப் பக்கத்தில் வேண்டாம், நைசான அலுமினியத் தூள் தீப்பிடிக்கும். பிள்ளைகளைத் தள்ளி உட்கார வையுங்கள்.

முடிவாக

போன வருஷம் வேறொரு குடும்பம் ஒரு வாளியோடு வந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேரன், தாத்தா பெயர் வெட்டியிருந்த இடத்தில் தன் கையாலேயே டேப் ஒட்டினான். என் கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் இழுத்தான். டேப்பை எடுத்ததும் நம்பரைப் படித்துவிட்டு, "இது என்ன நம்பர் அய்யா?" என்று கேட்டான். வேலை நம்பர், தினமும் சுரங்கத்துக்குள் இறங்கும்போது கூப்பிட்டது, என்று சொன்னேன். அவன் உடனே போனை எடுத்து அப்பாவிடம் அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டான். அந்தப் பக்கம் அப்பா வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மலரைப் படிக்கும் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பரணை ஒரு தடவை பாருங்கள். வாளி இருந்தால் முதலில் சாய்ந்த வெயிலில் பிடித்துப் பெயரைத் தேடுங்கள். தேய்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.