சென்சார் பொய் சொல்லுதா? ஒரு டர்போ காரின் கேஸ்

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா மகன் வட்டக்கோட்டைக்கு வரச் சொன்னான். போய்ப் பார்த்தா கோட்டைக்கு வெளியே வண்டியை நிறுத்திட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கான். "மாமா, இஞ்சின் லைட் மறுபடியும் வந்துட்டு."

அந்த 'மறுபடியும்'தான் விஷயமே. ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஒர்க்‌ஷாப்ல ஆக்சிஜன் சென்சாரை மாத்திப் பதினோராயிரம் வாங்கியிருந்தாங்க. பணம் அக்காவோடது. அடுத்தது ஃப்யூயல் பம்ப், முப்பதாயிரம் ஆகும்னு சொல்லி வச்சிருக்காங்க. அவங்க ஏமாத்துறாங்கன்னு நான் நினைக்கல. கோடைப் படிச்சு, கோடுல பேர் வந்த பொருளை மாத்துறது ஊர்வழக்கம்.

வண்டி 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், செகண்ட் ஹேண்ட். இவன் கைக்கு வந்த பிறகு இசியூ ரீமேப் ஆச்சு, பூஸ்ட் 1 பாருக்கு ஏறிச்சு. கம்பெனி ஏர் பாக்ஸைக் கழட்டிட்டு எண்ணெய் தடவின பருத்தி ஃபில்டர் ஒண்ணைத் திறந்தவாக்கில் மாட்டியிருக்கான். சத்தம் நல்லாருக்குமாம்.

வந்த கோடு பி0171. இஞ்சினுக்குள்ள போற காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லை, அதாவது லீன். சாதா வண்டியில் இது மைலேஜ் பிரச்சினை. டர்போவில் முழு பூஸ்ட்ல லீனா ஓடினா எரிப்பின் சூடு ஏறும், நாக் வரும், கடைசியில் பிஸ்டன் போகும். அதனால சும்மா கோடை அழிச்சிட்டு ஓட்டுன்னு சொல்ல முடியாது.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். 'பெட்ரோல் பத்தல'ன்னு புகார் கொடுத்தது ஆக்சிஜன் சென்சார். ஒர்க்‌ஷாப் புகார் கொடுத்தவனையே பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க. சென்சார் உயிரோட இருக்கான்னு பார்க்க ரெண்டு நிமிஷம் போதும். ஆக்சிலரேட்டரைச் சட்டுனு மிதிச்சா ரிச் பக்கம் போகணும். ஓட்டத்தில் காலை எடுத்தா இசியூ பெட்ரோலை நிறுத்தும், அப்ப முழு லீன் காட்டணும். புது சென்சார் ரெண்டையும் செஞ்சது. பழசை டிக்கியில் வச்சிருந்தான். மாட்டிப் பார்த்தோம், அதுவும் செஞ்சது.

சரி, குற்றவாளி யாரு? எனக்கு முதல்ல சந்தேகம் பெட்ரோல் மேலதான். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 10 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு சுமார் 14.1, இப்ப பங்க்ல வர்ற 20 சதவீத கலப்புக்கு சுமார் 13.5. பழைய கலப்புக்கு எழுதின மேப்புக்கு இது தெரியாது. நாலஞ்சு சதவீதம் குறைவாத்தான் ஊத்தும். "எல்லாம் இ20 வேலை மக்கா"ன்னு அவன்கிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன். அவசரப்பட்டுட்டேன்.

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள்ல ஓபிடி-2 கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், மலிவான ப்ளூடூத் கருவி ஒண்ணு வாங்கி போன்லயே பார்க்கலாம். கோடை விட முக்கியமா பார்க்க வேண்டியது ஃப்யூயல் ட்ரிம். தன் கணக்குக்கு மேல எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டி ஊத்த வேண்டியிருக்குன்னு இசியூ வச்சிருக்கிற எண் அது. ஒரே ஒரு எண்ணைப் பார்த்து ஒண்ணும் தெரியாது. ஐடில்ல எவ்வளவு, லோடுல எவ்வளவுன்னு சேர்த்துப் பார்க்கணும்.

ஐடில்ல மட்டும் கூடி, லோடுல குறைஞ்சா எங்கேயோ காற்று கசிஞ்சு உள்ள வருது. டர்போவுக்குப் பிந்தின ஹோஸ் கிழிஞ்சிருந்தா ஐடில்ல லீன், பூஸ்ட்ல ரிச். ஏன்னா எண்ணி முடிச்ச காற்று வெளியே போயிடும். ஐடில்ல ஒழுங்கா இருந்து லோடுல ஏறினா ரெண்டு பேர் மேல சந்தேகம்: பெட்ரோல் அனுப்புற பம்ப், காற்றை எண்ணுற எம்ஏஎஃப் சென்சார்.

இவன் வண்டியில் ஐடில்ல +5, நாலாவது கியர்ல மிதிச்சு ஏத்தும்போது +19. எத்தனால்னா எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கூடணும். ஆக அந்த 5 என் இ20. மிச்சம் 14 வேற ஆளு.

மறுநாள் விடியக்காலை, அஞ்சுகிராமம் ரோட்ல ஆளில்லாத நேரம். நான் ஓட்ட, அவன் லேப்டாப்பில் பதிவு பண்ணினான். ரெண்டாவது கியர், 5000 ஆர்பிஎம். ஃப்யூயல் ரெயில்ல இசியூ கேட்டது 110 பார், கிடைச்சது 108. அப்ப பம்ப் நிரபராதி, முப்பதாயிரம் மிச்சம்.

இனி எம்ஏஎஃப். அது சொன்னது நொடிக்கு 119 கிராம். சரியான்னு கையாலேயே கணக்குப் போடலாம். 1.8 லிட்டர் இஞ்சின் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறை முழுசா நிரம்பும். 5000 ஆர்பிஎம்ல அது நொடிக்கு 75 லிட்டர். பூஸ்ட் 1 பார்னா மேனிஃபோல்டில் மொத்த அழுத்தம் 2 பார். 45 டிகிரி சூட்டில் அந்தக் காற்று லிட்டருக்கு சுமார் 2.2 கிராம். பெருக்கினா 165. சிலிண்டர் 90 சதவீதம்தான் நிரம்பும்னு வச்சாலும் 148 வரணும். அஞ்சுல ஒரு பங்கு காற்று கணக்கிலேயே இல்லை.

எம்ஏஎஃப்க்குள்ள ஒரு சூடான கம்பி இருக்கு. காற்று பட்டா குளிரும். அதே சூட்டில் வைக்க எவ்வளவு கரண்ட் ஆகுதோ, அதை வச்சுக் காற்றை எண்ணும். கழட்டிப் பார்த்தா கம்பி மேல பழுப்பா ஒரு படலம். ஃபில்டர் எண்ணெய், அதுல ஒட்டின தூசி. தினம் சாயங்காலம் கடற்கரையில் வண்டியைப் போட்டுக்கிட்டு கதையடிச்சா வேற என்ன வரும்? படலம் போர்வை மாதிரி, கம்பி குளிராது, காற்று குறைவுன்னு நினைச்சுக்கும். முழு மிதியில் இசியூ அந்தக் கணக்கை நம்பித்தான் ஊத்தும்.

எம்ஏஎஃப்க்குன்னே விக்கிற ஸ்ப்ரே ஒரு டப்பா வாங்கி அடிச்சோம். கம்பியைத் தொடக் கூடாது, கார்புரேட்டர் கிளீனர் அடிக்கக் கூடாது. நல்லா காய வச்சு, பழைய ஏர் பாக்ஸையும் காகித ஃபில்டரையும் தேடி எடுத்து மாட்டினோம். அதே ரோடு, அதே கியர்: 145 கிராம். ட்ரிம் ஐடில்லயும் லோடுலயும் +5.

அந்த 5-ஐ மேப்பில் திருத்தணும், அது ரீமேப் பண்ணினவர் வேலை. அதுவரை பூஸ்டைக் குறைச்சு வைன்னு சொல்லியிருக்கேன். அக்கா பதினோராயிரத்தைப் பத்தி இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கா. இவன் கேக்குறது வேற: "மாமா, எண்ணெய் தடவாம அந்த ஃபில்டரை மாட்டலாம்லா?"