ரோமிடம் மிளகு கேட்டவர்கள்

கி.பி. 408. ரோம் நகருக்குள் ஒரு மூட்டை தானியம்கூட நுழைய முடியாதபடி முற்றுகையிட்டிருந்தது கோத்தியர் படை. பட்டினி தாங்காத நகரத்தார் சமாதானம் பேச ஆள் அனுப்பினார்கள். கோத்தியர் தலைவன் அலாரிக் கேட்ட ஈட்டுப் பட்டியல் நீளமானது: 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள். அதே பட்டியலில் 3,000 ராத்தல் மிளகு. இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒரு டன்!

மிளகு விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில். யவனக் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடலே சொல்கிறது. அந்தச் சுவை ரோமைத் தாண்டி வடக்கத்திய மக்களின் நாவிலும் ஏறியிருந்தது.

யார் இந்தக் கோத்தியர்? ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் கிழக்குக் கிளையைப் பேசியவர்கள். இந்தக் குடும்பத்தின் தாய்மொழி ஏறத்தாழ கி.மு. 500 வாக்கில் தென் ஸ்காண்டிநேவியாவிலும் வட ஜெர்மனியிலும் பேசப்பட்டது. அதை அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மக்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதியவர் ரோமானியரான டாசிட்டஸ், ஆண்டு கி.பி. 98. அவர்களே கீறிய எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று, டென்மார்க்கின் சதுப்பு நிலத்தில் கிடைத்த சீப்பு. ஏறக்குறைய கி.பி. 160-ஐச் சேர்ந்த அதில் இருப்பது ஒரே ஒரு சொல். நாலாம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் தனி எழுத்து முறையை அமைத்து விவிலியத்தைக் கோத்திய மொழியில் பெயர்த்தார். ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதிய அதன் படி ஒன்று ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது.

கிழக்குக் கிளை பட்டுப்போனது. வடக்குக் கிளையில் டேனிஷ், ஸ்வீடிஷ் போன்றவை. மேற்குக் கிளையில் ஆங்கிலம், டச்சு, ஜெர்மன்.

இவையெல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்குச் சான்று, ஒலிகள் ஒழுங்காக மாறிய விதம். 1822-ல் அதை விதியாக விளக்கியவர், தம்பியோடு தேவதைக் கதைகள் தொகுத்த யாக்கோப் கிரிம். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொற்களையே பாருங்கள். பாதம் ஆங்கிலத்தில் ஃபுட், பிதா ஃபாதர், தசம் டென். வடமொழியும் ஜெர்மானிய மொழிகளும் தூரத்துப் பங்காளிகள். வடமொழியில் ப-வாகவே நின்ற பழைய ஒலி, ஜெர்மானியத்தில் ஃப ஆனது. இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து.

மிளகின் பெயர் இன்னும் சுவையான கதை. நம் திப்பிலிக்கு வடமொழியில் பிப்பலி. அந்தப் பெயரைக் கிரேக்கர் மிளகுக்கும் சூட்டினார்கள். ரோமானியர் அதைப் ‘பிப்பெர்’ என்றார்கள். அவர்களிடமிருந்து ஜெர்மானியர் வாங்கினார்கள். ஆங்கிலத்தில் இன்றும் பெப்பர், ப மாறவில்லை. அப்படியானால் கிரிம் சொன்ன மாற்றம் முடிந்த பிறகே சொல் உள்ளே வந்திருக்க வேண்டும். ஜெர்மனிலோ அது ப்ஃபெஃபர். கி.பி. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி, ஜெர்மன் மட்டும் இரண்டாம் முறை ஒலி மாறியது. வாட்டர் வாஸர் ஆனதும் அப்போதுதான். அந்த மாற்றத்தில் சிக்கியதால், மிளகு அதற்கு முன்பே வந்துவிட்டது என்று தெரிகிறது. கல்வெட்டு இல்லாமலே ஒரு சொல் தன் வயதைச் சொல்கிறது.

சொல் போன வழியைத் தேடி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பேசியவர்களே வந்தார்கள். கடலூர் மாவட்டத்து வடலூரின் நான்குமுனைச் சந்திப்பிலிருந்து கிழக்கே போகும் சாலை கடலூரில் முடியும். அங்கே தேவனாம்பட்டினத்தில் 1608-ல் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர் கால் ஊன்றினர். 1690-ல் அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர். தெற்கே தரங்கம்பாடியில் 1620-ல் டேனியர் இறங்கினார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தார். 1706-ல் அதே ஊருக்கு ஜெர்மானியரான சீகன்பால்கு வந்து, தமிழ் கற்று, அச்சகமும் நிறுவினார். பிரிந்துபோன நான்கு உடன்பிறப்புகள் ஒரே கரையில் கூடியது போலிருந்தது.

அதே வடலூர்ச் சந்திப்பிலிருந்து மேற்கே போனால் நெய்வேலி. 1957-ல் நேரு தொடங்கிவைத்த அந்தச் சுரங்கத்தில் மண்ணை வாரியெடுக்கும் ராட்சதச் சக்கர எந்திரங்களின் தொழில்நுட்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஜெர்மன்காரர் அதை ‘ஷவுஃபல்ராட்பாகர்’ என்பார்கள். நடுவிலிருக்கும் ‘ராட்’ என்றால் சக்கரம். வடமொழியில் அதன் பங்காளிச் சொல், நாம் தேருக்குச் சொல்லும் ரதம்.