ஊரே பாடியது! ரகசியம் வெளியே வந்தது!

ஒரு நாள் காலையில் ஊரில் உள்ள எல்லோரும் திடீர் என்று பாடத் தொடங்கினால் எப்படி இருக்கும்?

சட்டையில் பட்ட கறை போய்விட்டது என்று சலவைக் கடை முன்னால் ஒருவர் பாடுகிறார். காரைக் கூடாத இடத்தில் நிறுத்திய ஒரு பெண், போலீஸ்காரரிடம் பாடியே கெஞ்சுகிறாள். ஏன் பாடுகிறோம் என்று பாடுகிறவர்களுக்கே தெரியவில்லை!

இந்தக் கதை அமெரிக்க டெலிவிஷனில் 2001-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி வந்தது. நாடகத்தின் பெயர் "பஃபி".

அது பாட்டு நாடகம் அல்ல. 1997-ல் தொடங்கிய பேய்க்கதை. பஃபி ஒரு இளம்பெண். பகலில் படிப்பாள். இரவில் ரத்தக் காட்டேரிகளுடன் சண்டை போடுவாள். அந்த வேடத்தில் நடித்தவர் சாரா மிஷெல் கெல்லர்.

நம் சினிமாவில் கதாநாயகி பாடினால், "ஏன் பாடுகிறாய்?" என்று யாரும் கேட்பது இல்லை. இந்த நாடகத்தில் கேட்டார்கள். அதுதான் புதுமை.

செத்தவள் திரும்பினாள்

நாடகத்தின் 100-வது கதையில் பஃபி செத்துப்போனாள். தங்கையைக் காப்பாற்ற, உயரமான கோபுரத்தில் இருந்து குதித்துவிட்டாள்.

தோழி வில்லோ மந்திரம் படித்து அவளை உயிரோடு எழுப்பினாள். "நரகத்தில் துடித்தவளை மீட்டுவிட்டோம்" என்று நண்பர்கள் மகிழ்ந்தார்கள். பஃபி நன்றி சொன்னாள். ஆனால் உண்மையை அவர்களிடம் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் ஊருக்குள் ஒரு பிசாசு புகுந்தது. அதன் மாயத்தில் சிக்கியவர்கள், மனதில் உள்ளதை எல்லாம் பாட்டாகக் கொட்டிவிடுவார்கள். ஆடி ஆடி, கடைசியில் தீப்பற்றிச் செத்தவர்களும் உண்டு.

கல்யாணம் பேசி முடித்த ஒரு ஜோடி பாடுகிறது. ஒருவர் குறையை ஒருவர் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்கள். கல்யாணத்தை நினைத்துப் பயப்படுவதும் அந்தப் பாட்டிலேயே தெரிந்துவிடுகிறது! பஃபியைத் தகப்பன்போல வளர்த்த ஜைல்ஸ், "நான் அருகில் இருந்தால் இவள் சொந்தக் காலில் நிற்க மாட்டாள்" என்று பாடுகிறார்.

பாடத் தெரியாதவர்கள்

கதை, வசனம், பாட்டு, டைரக்‌ஷன் எல்லாம் ஜாஸ் வீடன். அவர் சங்கீதம் படித்தவர் அல்ல. இருந்தும் மாதக்கணக்கில் உட்கார்ந்து எல்லாப் பாட்டுகளையும் தாமே அமைத்தார்.

நடிகர்கள் திகைத்தார்கள். நடிக்க வந்தவர்களைப் பாடச் சொன்னால் என்ன செய்வார்கள்? பலர் குரல் பயிற்சி எடுத்தார்கள். வில்லோவாக நடித்த ஆலிசன் ஹானிகன், "எனக்கு அதிகம் பாட்டு வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது சில வரிகள்தான்!

கெல்லரும் முதலில் தயங்கினார். வேறு ஒருவர் குரல் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. கடைசியில் அவரே பாடினார். அது நல்ல முடிவு. பயிற்சி பெற்ற பாடகியின் குரலாக இருந்தால் அந்தத் துயரம் இப்படித் தைத்திராது.

ஜைல்ஸாக நடித்த ஆன்டனி ஹெட், மேடையில் பாடிப் பழகியவர். பிசாசாக வந்த ஹின்டன் பாட்டில், நாடக மேடைக்கு அமெரிக்கா அளிக்கும் டோனி பரிசை மூன்று தடவை வாங்கிய ஆட்டக்காரர். 2024-ல் அவர் காலமானார். சலவைக் கடை முன்னால் பாடியவரும், போலீஸ்காரரிடம் கெஞ்சிய பெண்ணும் யார் தெரியுமா? இந்த நாடகத்துக்குக் கதை எழுதியவர்கள்!

உண்மை உடைந்தது

பிசாசு, பஃபியின் தங்கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பஃபி தனியாக வந்தாள். அதன் முன்னால் பாடினாள். நண்பர்களும் வந்துவிட்டார்கள்.

பாட்டு நடுவில் உண்மை வாயில் வந்துவிட்டது. அவள் இருந்தது நரகத்தில் அல்ல, சொர்க்கத்தில்! நிம்மதியாக இருந்தவளை இவர்கள்தான் பிடுங்கி வந்தார்கள்!

வில்லோவின் முகத்தைப் பார்க்க வேண்டும். செய்தது உதவி என்று நினைத்திருந்தவள் அவள்.

பஃபி ஆடினாள். உடம்பில் புகை கிளம்பியது. தீப்பற்றும் நேரத்தில் ஸ்பைக் அவளைப் பிடித்து நிறுத்தினான். அவன் ஒரு காட்டேரி. ஆனாலும் அவளைக் காதலித்தவன்.

பிசாசை அழைத்தது யார்? அதுவும் ஒரு நண்பன்தான். எல்லோரும் ஆடிப்பாடி மகிழட்டும் என்று விளையாட்டாகச் செய்தானாம்.

பிசாசு போய்விட்டது. அடுத்த வாரம் யாரும் பாடவில்லை. ஆனால் பஃபி பாடியதை நண்பர்கள் கேட்டுவிட்டார்களே! அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள்.