முதலாளிக்கும் ஒரு வாத்தியார்!

கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளர் உண்டு. மல்லனுக்கு வஸ்தாது உண்டு. சங்கீத வித்வானுக்குக் குரு உண்டு. ஆயிரக்கணக்கான பேருக்குச் சம்பளம் போடும் கம்பெனித் தலைவருக்கு? "எல்லாம் தெரிந்துதானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு எதற்கு வாத்தியார்?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

2001ல் அமெரிக்காவில் கூகுள் கம்பெனியின் தலைமைப் பொறுப்புக்கு வந்த எரிக் ஷ்மிட்டும் அப்படித்தான் நினைத்தார். அதற்கு முன்பே நாவெல் என்ற பெரிய கம்பெனியை நடத்தியவர் அவர். "உங்களுக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும்" என்று டைரக்டர் குழுவிலிருந்த ஜான் டோயர் சொன்னபோது அவருக்குச் சுருக்கென்றது. ஆயினும் ஒத்துக்கொண்டார். பிற்காலத்தில், தமக்குக் கிடைத்த யோசனைகளிலேயே சிறந்தது அதுதான் என்று 2009ல் அவரே பேட்டியில் கூறினார்.

தோற்றுப்போன பயிற்சியாளர்

வந்த வாத்தியார் பெயர் பில் கேம்ப்பெல். 1940ல் இரும்பாலை ஊரான ஹோம்ஸ்டெட்டில் பிறந்தவர். 1974 முதல் 1979 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளர். வெற்றி 12, தோல்வி 41, சமன் 1. இதுதான் அவர் கணக்கு! ஆட்டக்களத்தை விட்டு விளம்பரக் கம்பெனி, கோடாக் என்று மாறி, 1983ல் ஆப்பிள் கம்பெனிக்கு வந்தார். அவர் தலைமை ஏற்று நடத்திய 'கோ' என்ற கம்பெனி தேறவில்லை. பிறகு இன்ட்யூட் கம்பெனியை 1994 முதல் 1998 வரை நடத்தினார். தோல்வியும் வெற்றியும் இரண்டும் பார்த்தவர் என்பதே அவருடைய தகுதி.

தாழ்வாரத்தில் விசாரணை

2001ல் கூகுளில் ஒரு விபரீதச் சோதனை நடந்தது. எஞ்சினீயர்களுக்கு மேல் மானேஜர்களே வேண்டாம் என்று அதை நிறுவியவர்களில் ஒருவரான லாரி பேஜ் முடிவு செய்திருந்தார். கேம்ப்பெல் வந்து பார்த்தார். "மானேஜர்கள் வேண்டும்" என்றார். பேஜ் நம்பவில்லை. இருவரும் தாழ்வாரத்தில் நடந்து போய் எஞ்சினீயர்களையே விசாரித்தனர். ஆச்சரியமாக, மேலே ஒருவர் வேண்டும் என்றே அவர்கள் சொன்னார்கள். காரணம் இரண்டு: தொழில் கற்றுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்; இரு தரப்பும் பிடிவாதம் பிடிக்கும்போது தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கேம்ப்பெல் கணக்கு வழக்குப் பார்க்கவில்லை, தொழில்நுட்பம் கற்பிக்கவில்லை. அதிகாரிகள் கூட்டத்தில் உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள், யார் வாய் மூடியிருக்கிறார்கள் என்று கவனிப்பார். பிறகு தலைவரைத் தனியே அழைத்து உள்ளதைச் சொல்வார். கம்பெனி கொடுக்க வந்த சம்பளத்தையும் மறுத்தார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையும் அவரிடம் பாடம் கேட்டவரே. பார்க்கும்போதெல்லாம், இந்த வாரம் எந்த இழுபறியைத் தீர்த்து வைத்தாய் என்று அவர் கேட்பாராம். கேம்ப்பெல் 2016 ஏப்ரலில் காலமானார்.

பலன் உண்டா?

மேலே போகப் போக, முகத்துக்கு நேரே உண்மை சொல்பவர்கள் குறைந்துபோகிறார்கள். கீழே இருப்பவர் "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். தவறு மேலே போய்ச் சேராமல், நஷ்டம் மட்டும் போய்ச் சேருகிறது. இடித்துச் சொல்லத் துணை வேண்டும் என்பதற்காகத்தான் திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்றொரு அதிகாரமே இருக்கிறது.

2009ல் கூகுள் தன் மானேஜர்களைப் பற்றி 10,000க்கும் மேற்பட்ட குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தது. நல்ல மானேஜரின் 8 குணங்களில் முதலாவதாக வந்தது, நன்றாகச் சொல்லிக்கொடுப்பது. தொழில்நுட்ப அறிவு கடைசியில்தான் வந்தது! மோசம் என்று பெயரெடுத்த மானேஜர்களுக்குப் பயிற்சி அளித்ததில் 75 சதவீதம் பேர் தேறினார்கள் என்று கம்பெனி கூறியது. 2014ல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பயிற்சியால் வேலைத்திறனும் மனநிலையும் மேம்படுகின்றன என்றது.

ஆனால் சில கணக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. போட்ட பணத்துக்கு 529 சதவீத ஆதாயம் என்று 2001ல் ஓர் அமெரிக்க அறிக்கை சொன்னது. பயிற்சி பெற்றவர்களே போட்ட மதிப்பீடு அது! கூகுளின் வளர்ச்சியையும் ஒரு வாத்தியார் தலையில் கட்டிவிட முடியாது. பயிற்சிக்குக் கம்பெனிதான் பணம் கொடுக்கிறது. அப்படியானால் அதிகாரி மனம் விட்டுப் பேசியது முதலாளி காதுக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ரகசியம் காப்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யாத பயிற்சி, வேவு பார்ப்பதில் போய் முடியும்.

நமக்கு என்ன?

"பெரிய இடத்து விஷயம், நமக்கு என்ன?" என்று குமாஸ்தாவும் தொழிலாளியும் ஒதுங்க முடியாது. மேலதிகாரி காது கொடுத்துக் கேட்காத இடத்தில், தப்பான உத்தரவுக்கு ஓவர்டைம் பார்ப்பது கீழே இருப்பவர்தான். கம்பெனி நொடித்தால் முதலில் வேலை போவதும் அவருக்குத்தான். ஊரை விட்டு வந்து, மாதாமாதம் மணியார்டரை எதிர்பார்த்த குடும்பங்களை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று பல ஊர்களில் சூப்பர்வைசராகவும் சூப்பரின்டெண்டாகவும் உயர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் வாங்காத கேம்ப்பெல் கிடைக்கப்போவதில்லை. ஆனால் தாழ்வாரத்தில் இறங்கி நடந்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கீழே இருப்பவரைக் கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பதிலைக் கேட்கும் பொறுமைதான் வேண்டும்.