ஓர் அங்குல வீரனுக்கு வெளிச்சம்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து வரும் ‘வார்ஹாமர்’ விளையாட்டுப் பொம்மைகளில் பல, ஓர் அங்குலத்தைவிடச் சற்றே உயரமானவை. அந்த விளையாட்டு 1983-ல் வந்தது. பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவதற்கென்றே ‘கோல்டன் டீமன்’ போட்டி 1987-ல் தொடங்கியது. ஆட்டமே ஆடாமல், தீட்டுவதற்காக மட்டும் பொம்மை வாங்குகிறவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள்.

புதியவர்களின் முதல் கவலை, கை நடுக்கம். கை எல்லோருக்கும்தான் நடுங்கும். முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரு மணிக்கட்டுகளையும் ஒட்டவைத்துக்கொள்ளுங்கள். பொம்மையும் பிரஷும் சேர்ந்தே அசைவதால் கோடு பிசகாது. கைக்கு இவ்வளவு போதும். உண்மையில் பழக வேண்டியவை தண்ணீரும் வெளிச்சமும்தான்.

புட்டியிலிருந்து எடுத்த அக்ரிலிக் வண்ணத்தை அப்படியே பூசினால், சிற்பி செதுக்கிய இமையும் துணி மடிப்பும் மூடிப்போகும். நீர் கலந்து மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூச வேண்டும். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பதறி, ஈரம் காய்வதற்குள் மேலே அப்புவதுதான் ஆரம்பக் கட்டத்தில் அதிகம் நடக்கும் பிழை. நம் ஊர் வெயிலில் தட்டில் வைத்த வண்ணம் சீக்கிரமே காய்ந்துவிடும். தட்டையான டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சை விரித்து, மேலே பேக்கிங் தாள் போட்டு, அதில் கலந்தால் நெடுநேரம் ஈரமாக இருக்கும்.

பொம்மை சிறியது என்பதற்காக ஆகச் சிறிய பிரஷை வாங்காதீர்கள். நுனியில் நிற்கும் துளி வண்ணம், பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். முனை கூராக இருக்கும் ஒன்றாம் எண் பிரஷ் நல்லது. முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குப்பிக்குள் மட்டும் வண்ணம் ஏறவிடக் கூடாது.

இனி வெளிச்சம். ஆளுயர மனிதனின் தாடைக்குக் கீழே நிழல் தானாக விழும். இந்த ஓர் அங்குல வீரனின் தாடையோ ஒரு மில்லிமீட்டர்கூடத் துருத்தியிருக்காது. அறை விளக்கில் அங்கே சொல்லிக்கொள்ளும்படி நிழல் விழாது. அதனால்தான் எல்லை மீறாமல் கவனமாகத் தீட்டிய பொம்மைகூடக் கைநீட்டு தூரத்தில் தட்டையாகத் தெரிகிறது. நிழலையும் ஒளியையும் நாமேதான் தீட்ட வேண்டும், அதுவும் கூச்சமில்லாமல் மிகைப்படுத்தி. முதலில் அடிப்பூச்சாகக் கறுப்பு பிரைமர் அடித்து, காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளையைத் தெளித்தால், எங்கே ஒளி, எங்கே நிழல் என்று பொம்மையே காட்டிவிடும். சிவப்பை வெளிற்ற வெள்ளை சேர்த்தால் ரோஸ் ஆகிவிடும், ஆரஞ்சு சேருங்கள். நிழலுக்குக் கறுப்பைவிட அடர்பழுப்பு உயிரோட்டமானது. பள்ளங்களை எடுத்துக்காட்டும் ‘வாஷ்’ என்ற நீர்த்த வண்ணம் மேட்டில் தேங்கினால், ஈர பிரஷால் உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பாதி முடித்ததும் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். முகமும் மேலங்கியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வேறுபாடு போதவில்லை என்று பொருள். புதியவர்களுக்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடையாது.

கடைசியாக ஒன்று: முகத்தில் கண்ணை முதலிலேயே தீட்டிவிடுங்கள். தவறினாலும் தோல் நிறத்தால் திருத்திக்கொள்ளலாம். விழிக்குத் தூய வெள்ளை வேண்டாம், முறைப்பதுபோல் ஆகிவிடும். லேசாகச் சாம்பல் கலந்த வெள்ளை போதும். கருவிழியைப் புள்ளியாக வைக்காமல், மேலிமையிலிருந்து கீழிமை வரை சிறு கோடாக இழுங்கள்.