கணக்கு ஒரே இடத்தில் இருக்கலாமா?

காரைக்குடிப் பக்கத்துப் பலகாரக் கடையின் பாக்கிக் கணக்கு, ஆத்தங்குடிக் கல் பட்டறையின் ஆர்டர்கள், கண்டாங்கிச் சேலை வியாபாரியின் ஜிஎஸ்டி விவரம் எல்லாமே இன்று பெரும்பாலும் பில் போடும் அந்த ஒரே கணினிக்குள்தான் இருக்கின்றன. ரான்சம்வேர் என்னும் தீநிரல் அந்தக் கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்கிறது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாமல் போனால் சிறிய கடை எத்தனை நாள் தாங்கும்? விலை உயர்ந்த மென்பொருளை விட, தீநிரலின் கை எட்டாத இடத்தில் இருக்கும் ஒரு நகல்தான் சிறு வணிகரைக் காப்பாற்றும் என்பதே என் வாதம்.

"நம்ம கடையை யார் குறிவைக்கப் போகிறார்கள்?" என்று கேட்பவர்கள் 2017 மே 12-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று கிளம்பிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகமும் அதில் சிக்கியது. அங்கு அது 300 டாலர் கேட்டது. அந்த ஊராட்சியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஓட்டை அடைபடாத கணினிகளைத் தேடித் தேடி அது தானாகவே பரவியது. ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது என்பதுதான் வேதனை. நம் வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தாலும் போதாது என்பதை 2024 ஜூலை இறுதி காட்டியது. சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டதும், அதன் சேவையை நம்பியிருந்த சுமார் 300 சிறிய வங்கிகளின் பணப்பரிமாற்றத் தொடர்பைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் தற்காலிகமாகத் துண்டித்தது.

"ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறோமே" என்பது அடுத்த பதில். போட வேண்டியதுதான். ஆனால் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் நாளொன்றுக்கு நான்கரை லட்சத்துக்கு மேல் புதிய தீநிரல்களையும் வேண்டாத செயலிகளையும் பதிவு செய்கிறது. அத்தனையையும் எந்தக் காவலாளி அடையாளம் காண்பான்? அதிலும், காசு மிச்சம் என்று கிராக் செய்த மென்பொருளைப் போடும் வழக்கம் திருடனை நாமே உள்ளே அழைப்பதாகும். சர்வீஸ் ஆள் தூரத்திலிருந்து சரிசெய்வதற்காகத் திறந்த எனிடெஸ்க்கை எளிய பாஸ்வேர்டோடு அப்படியே விட்டுவைப்பதும் அதே கதைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய கணினிகளை உடனே கவனிக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் தீநிரல் உள்ளே வந்துவிடலாம். அங்கேதான் நகல் உதவுகிறது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்த நகரத்தார், கடையை மேலாள் பொறுப்பில் விட்டாலும் கணக்கை ஊருக்கு வரவழைத்துப் பார்த்தவர்கள். அந்த ஒழுங்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இன்று பல கடைகளில் டேலி பேக்கப் அதே கணினியின் டி டிரைவில் கிடக்கிறது. சி டிரைவைப் பூட்டும் தீநிரல் டி-யையும் பூட்டும். எந்நேரமும் செருகியே இருக்கும் பெண்டிரைவையும் விடாது. "கூகுள் டிரைவில் இருக்கிறதே" என்றால், பூட்டப்பட்ட கோப்பே அங்கும் போய்ப் பழையதன் இடத்தில் உட்காரக்கூடும். எனவே பழைய பதிப்பை மீட்க முடிகிறதா, எத்தனை நாள் வரை முடியும் என்று முன்னமே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி நகலெடுப்பதும், எடுத்த கையோடு கழற்றி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோவதும் எந்தக் கடைக்கும் இயலும். செலவை விடக் கடினம், அதை மறக்காமல் செய்வது. ஆகவே யார் பொறுப்பு, எந்தக் கிழமை என்று முடிவு செய்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்க்கவும் வேண்டும், ஏனெனில் திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.

பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்துவிடாதா? கட்டியவருக்கெல்லாம் கோப்பு திரும்புவதில்லை; கட்டுபவர் என்று தெரிந்தால் மறுபடியும் வருவார்கள். தாக்குதல் தெரிந்ததும் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைக்க வேண்டும். 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகார் தர வேண்டும். இத்தகைய தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டு உத்தரவு சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும். பூட்டிய டிஸ்க்கை அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யக் கூடாது. யூரோபோலும் டச்சுக் காவல் துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளம் பல தீநிரல்களுக்குத் திறவுகோலை இலவசமாகத் தருகிறது. இன்று அங்கே இல்லாத திறவுகோல் சில மாதம் கழித்து வரலாம் என்பதால், அந்த டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும்.